பல் வேக வைப்பவர்

பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரர் கொட்டாவி விட்டால் போதும், சம்பந்தம் இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கோட்டை விட்டுவிடுவார். "கீழ் பார்ஷியல், பாதி பல்செட்டு. பைட் சரியில்ல, மேலயும் கீழயும் சேரல. யாரோ அவசரத்துல பண்ணியிருக்கான்" என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லிக்கொண்டே செம்பாக்கம் வரை போய்விட்டு, அங்கிருந்து ராஜகீழ்ப்பாக்கத்துக்குத் திரும்பி நடப்பார். கல்யாண வீடுகளிலும் அவர் பார்வை மாப்பிள்ளையின் உதட்டுக்கு மேல் ஏறாது.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. அதுதான் அவருடைய பல் லேப். சுற்றுவட்டார டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். சம்பந்தம் அதைப் பிளாஸ்டரில் வார்த்து, மெழுகில் பல் அடுக்கி, பல்செட்டாக்கித் திருப்பி அனுப்புவார். "எங்கப்பா நெல்லு அவிச்சாரு, நான் பல்லு அவிக்கிறேன்" என்று தானே சொல்லித் தானே சிரிப்பார்.

மெழுகுச் செட்டை வாயில் வைத்துப் பார்ப்பது ட்ரையல். அக்ரிலிக் மாவைப் பிசைந்து அச்சில் அமுக்குவது பேக்கிங். பித்தளை டப்பாவில் பூட்டி வெந்நீரில் வேக வைப்பது க்யூரிங். கழுத்துக் கயிற்றில் தொங்கும் நோக்கியாவில் டாக்டர்களிடம் இந்தச் சொற்களை வாய் நிறையச் சொல்வார். மனைவி ஜெயஸ்ரீ கேட்டால் மட்டும் எல்லாம் சமையலாகிவிடும். "மாவு விரல்ல ஒட்டக் கூடாது, அப்பதான் அமுக்கணும். தண்ணி தளதளன்னு கொதிச்சா உள்ள பொத்தல் விழுந்துடும். சிம்ல வெச்சுட்டுப் பக்கத்துலயே உக்காரணும்."

"இட்லிக்கு இந்த அக்கறைய என்னைக்காவது காட்டியிருக்கீங்களா?" என்பார் ஜெயஸ்ரீ.

அடுப்பில் டப்பா இருக்கும் நேரத்தில் யார் வந்து எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "க்யூரிங்ல இருக்கு." பொது நிலத்தை விற்கலாமா என்று கேட்க வந்த பங்காளிக்கும் அதையே சொன்னார். அவர் அதைச் சம்மதமில்லை என்று எடுத்துக்கொண்டு முறைத்தபடி போய்விட்டார்.

பல் போட்டுக்கொண்டவர்கள் குறை இருந்தால் டாக்டரிடம்தான் போவார்கள். மாடி ஏறி வந்த முதல் ஆள் பூவம்மாள். கானத்தூர்ப் பக்கத்துக் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவந்து, ராஜகீழ்ப்பாக்கத் தெருக்களில் கூவி விற்கிறவர். கூடையைப் படிக்கட்டு அடியில் இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்க வந்து நின்றார்.

"பல்லு வேவ வெச்ச ஆளு நீதானாண்ணா? டாக்டரு உன்னாண்ட போவச் சொன்னாரு."

"என்னம்மா, குத்துதா?"

"குத்தல, நல்லாத்தான் கீது. கூவனாத்தான் பேஜாரு." தலையை நிமிர்த்தி ஒரு குரல் கொடுத்தார். "சங்கரா! சுறா!" இரண்டு மீனுக்கும் முன்னால் விசில் பறந்தது. "பசங்க பின்னாலயே விசிலட்ச்சிகினு வருதுங்க. ஒரு வூட்டம்மா குக்கருன்னு அடுப்ப நிறுத்தப் போய்ட்டாங்க. என் கொரலு கேட்டுத்தாண்ணா கதவத் தொறப்பாங்க. இப்ப ஒருத்தன் டிவிஎஸ் ஃபிப்டில மீன வெச்சிகினு, ஆரன் அட்ச்சிகினு வந்து என் வூடுங்களயெல்லாம் புட்ச்சிகினு கீறான். கூவ முடியலன்னா நான் எப்டி பொயக்கிறது?"

சம்பந்தத்துக்குச் சுருக்கென்றது. "ட்ரையல்ல பேசிப் பாத்தாங்களே?"

"பாத்தாரே. சரஸ்வதி சொல்லுன்னாரு, சொன்னேன்."

"எங்க, அங்க சொன்ன மாதிரியே சொல்லு."

பூவம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தலையைக் குனிந்து, கோயிலில் பேசுகிற குரலில் சொன்னார். "சரஸ்வதி." துளி விசில் இல்லை.

"அங்க ஏன் கூவிப் பாக்கல?"

"டாக்டரு முன்னால போயி கூவுவாங்களாண்ணா? மருவாதி வாணாம்?"

எல்லோரும் மரியாதையாக நடந்துகொண்டதால் வந்த வினை இது. சம்பந்தம் செட்டை வாங்கி, முன்பல்லுக்குப் பின்னால் மெழுகைத் துளி தடவிக் கொடுத்தார். "இப்ப கூவு." விசில் பாதியானது. இன்னும் கொஞ்சம் தடவினார். விசில் போயிற்று, ஆனால் நாக்கு தடுக்கியது. சுரண்டினார். மறுபடி கூவச் சொன்னார். கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் பதறி ஓடி வந்து படியில் நின்று என்ன சத்தம் என்று கேட்டார். "ட்ரையல் சார்!" என்று கத்தினார் சம்பந்தம்.

ஒருவழியாகச் சங்கரா சங்கராவாகவே வந்தது. மெழுகு இருந்த இடத்தில் அக்ரிலிக்கைக் குழைத்து வைத்தார். "இது கோல்டு க்யூரும்மா. அடுப்பு வேணாம், தானா இறுகிடும்." சொல்லிவிட்டாரே தவிர, அவரால் உட்கார முடியவில்லை. மெல்லுகிற பல், சிரிக்கிற பல் எல்லாம் செய்திருக்கிறார். கூவுகிற பல்லை இதுவரை செய்ததில்லை. பயமாகத்தான் இருந்தது.

ராவி, பாலிஷ் போட்டு, கழுவிக் கொடுத்ததும் பூவம்மாள் மாட்டிக்கொண்டார். "இங்க கூவி இன்னா பிரயோசனம்? தெருல கூவணும்" என்று படியிறங்கினார். சம்பந்தமும் கையைக் கழுவாமல் பின்னாலேயே இறங்கினார். பிள்ளையார் கோயில் பக்கமிருந்து டிவிஎஸ்காரனின் ஹாரன் கேட்டது.

பூவம்மாள் இடுப்பில் கை வைத்துக் குரலை எடுத்தார். "சங்கராஆ! சுறா! சீலாஆ!"

தெருக்கோடி வீட்டு மாடியிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "பூவம்மா! எங்க போய்ட்டீங்க இத்தன நாளா? இப்படி வாங்க!"

ஹாரன் திருப்பத்துக்கே வந்துவிட்டது. பூவம்மாள் சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, தூக்கிவிட யாராவது உண்டா என்று தெருவைப் பார்த்தார். அதற்குள் சம்பந்தம் குனிந்து, பாலிஷ் தூள் படிந்த இரண்டு கைகளாலும் கூடையைப் பற்றி, மீன் தண்ணீர் முழங்கை வழியே சட்டைக்குள் இறங்க இறங்க, அதைத் தூக்கி அவர் தலையில் வைத்தார்.