ஆரோக்கியதாஸ் சார் ‘ம்’ கொட்டினார்

கோடைக்கானலில் நான் தமிழ் வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் ஆரோக்கியதாஸ். 1978 சீசனுக்கு வந்த ஒரு வெள்ளைக்காரர், மெழுகுவர்த்திச் சுடரையே உற்றுப் பார்த்தால் மனம் அலையாது என்று இவரிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் நிம்மதியாக ஊர் போய்ச் சேர்ந்தார். மாட்டிக்கொண்டது நாங்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் பிரேயரில் மனதை ஒருமுகப்படுத்துவது பற்றி அரைமணி நேரம் பேசுவார். பிள்ளைகள் ஒருமனதாகத் தூங்குவார்கள். பேசி முடித்ததும் குடையை மறந்துவிட்டுப் போவார். அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடுவது என் சோலி.

வீட்டில் தினமும் காலையில் ஒரு மணி நேரம் சுடர்தான். அப்போது மனைவி லீமா எதைச் சொன்னாலும் ‘ம்’ கொட்டுவார். நாளாக ஆக, மெழுகுவர்த்தி இல்லாத நேரத்திலும் ‘ம்’தான்.

81 ஜூனில் லீமாவுக்கு வத்தலக்குண்டு ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலை கிடைத்தது. படித்துவிட்டு ஆறு வருஷம் காத்திருந்த வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும், அங்கேயே தங்க வேண்டும்.

“ஏங்க, நான் போகவா, வேண்டாமா?”

“ம்.”

மூன்று நாள் கேட்டார். மூன்று நாளும் அதே பதில். திங்கட்கிழமை வெள்ளனே சோறாக்கி மூடி வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

சார் மத்தியானம் அந்தச் சோற்றைச் சாப்பிட்டார். ராத்திரிச் சோறு எங்கே என்று தேடியபோதுதான் ஆள் இல்லை என்பது தெரிந்தது. என் வீட்டுக்கு ஓடி வந்தார்.

“லீமாவக் காணோம் சார்!”

“வேலைக்குப் போயிட்டாங்க. உங்ககிட்டக் கேட்டுட்டேன்னாங்களே.”

“எங்கிட்டயா? எப்ப?” பிறகு மெதுவாக, “திரும்பி வருவாளா சார்?” என்றார்.

சிரிக்கத்தான் நினைத்தேன். அந்த முகத்தைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வத்தலக்குண்டுக்குக் கிளம்பினார். தனியே விட்டால் எதிர்த்திசையில் போகும் பூண்டி பஸ்ஸில் ஏறிவிடுவார் என்று நானும் போனேன். ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து லீமா வார்டு கதை சொன்னார். ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்ட ஒரு கிழவியின் கதை. நடுவில் பஸ் ஹாரன் அடித்தது. சாரின் கண் ரோட்டுக்குப் போனது. பிடித்து இழுத்து வந்ததுபோல லீமாவின் முகத்துக்கே திரும்பியது. இப்படி ஏழெட்டுத் தடவை. மூன்று வருஷம் சுடரிடம் வராத படிப்பு.

லீமா பேச்சை நிறுத்தினார். “என்னங்க, ஒரு ‘ம்’ கூடக் காணோம்?”

“கேட்டுக்கிட்டிருக்கேன் லீமா. அந்தக் கிழவிக்குக் கடைசில ஊசி போட்டியா, இல்லையா?”

லீமா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சார் காத்திருந்தார்.