நாலு விரல் கதவு

பற்றிக் என்பவர் ஒரு கதவை முழுக்கத் திறந்து வைத்ததையோ இறுகச் சாத்தியதையோ அவருடைய வீட்டில் யாரும் கண்டதில்லை. கதவுக்கும் நிலைக்கும் நடுவே இடது கையின் நாலு விரலை நுழைத்துப் பார்ப்பார். இறுக்கமாக இருந்தால் கொஞ்சம் திறப்பார், தளர்வாக இருந்தால் கொஞ்சம் சாத்துவார். பிறகு பின்னால் நகர்ந்துபோய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்த இருட்டுக் கீற்றைப் பார்ப்பார். அது தன்னைத் திரும்பிப் பார்ப்பதுபோல் தோன்றினால்தான் மனுசனுக்குத் தேத்தண்ணி இறங்கும்.

தொழில் சோடனை. திருகோணமலையில் உட்துறைமுக வீதிக்குப் பின்னால் இருக்கும் ஒழுங்கையில் கடை. மணவறை, பிள்ளைகளின் முதல்நன்மைக்குப் பந்தல், கோயில் திருநாளுக்கு வளைவு, செத்தவீட்டுக்குக் கதிரை எல்லாம் அங்கிருந்துதான் போகும். ஆள் மெலிவு. சட்டைப் பையில் மற்றவர்கள் பேனை வைக்கும் இடத்தில் இவர் மீன்பிடிக்கிற தங்கூசி நூல் ஒரு சுருள் வைத்திருப்பார். அதைத் திரைச்சீலையின் ஓரத்தில் கட்டி அடுத்த அறையிலிருந்து மெல்ல இழுத்தால், காற்றே இல்லாத இடத்தில் திரை மூச்சு விடும்.

இந்தப் பழக்கம் கிண்ணியா ஸஜ்ஜாத்தால் வந்தது. ஸஜ்ஜாத் கிழமை நாட்களில் போன் திருத்துபவன், லீவு நாட்களில் யூடியூப்புக்குத் திகில் படம் எடுப்பவன். ஒருநாள் கடைக்கு வந்து ஒரேயொரு கதிரை வாடகைக்குக் கேட்டான்.

"ஒரு கதிரையில என்ன விசேசம் தம்பி செய்யப் போறீர்?"

"ஒரு ஆளைக் கொல்லப் போறன் அண்ணன்."

பற்றிக் கடையைப் பூட்டிவிட்டுக் கதிரையோடு தானும் ஏறிப் போனார். அன்று தொடங்கி ஸஜ்ஜாத்தின் படங்களில் பயத்தின் பொறுப்பு முழுவதும் அவருடையது.

"கொலைகாரனைக் காட்டினாச் சனம் ஆறுதலா இருந்து பாக்கும். சாமானைக் காட்டும்," என்பார். "மூண்டு பேர் இருக்கிற வீட்டில நாலு கோப்பையில தேத்தண்ணி வையும். நாலாவதிலயும் ஆவி பறக்கோணும். ஒருத்தரும் அதைப் பற்றிக் கதைக்கப்படாது. பிறகு பாரும்."

கதவுக்குப் பின்னால் என்ன வைப்பது என்று ஸஜ்ஜாத் கேட்டதற்கு, "ஒண்டும் வைக்கப்படாது. கடைசி மட்டும் திறக்கவும் படாது," என்றார்.

படமெல்லாம் பற்றிக்கின் வீட்டில்தான் எடுத்தார்கள். ஹோலில் இயேசுவின் திருஇருதயப் படத்துக்கு முன்னால் எரியும் சிவப்பு பல்ப் மட்டும் வெளிச்சமாக இருக்க, செற்றியில் ஒரு பெண் தலை சாய்ந்து கிடந்த காட்சியைப் பார்த்துவிட்டு மனைவி சீலா ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை. இன்னொரு படத்தில், ஊர்த் தெருக்களில் திரிந்து முற்றத்துக்கும் வழக்கமாக வரும் மான் ஒன்று யன்னலுக்குள் தலையை நீட்டிவிட்டது. அது பற்றிக்கின் யோசனை என்று ஊர் பாராட்டியது. அவரும் மறுக்கவில்லை.

வில்லங்கம் என்னவென்றால், கை பழகிவிட்டது. அவர் சோடித்த மணவறையில் பொம்பிளைக்குப் பின்னால் பூ இல்லாத ஓர் இடைவெளி கறுப்பாகத் தெரியும். விருந்தாளிகள் தாலி கட்டும்போதும் அங்கேதான் பார்ப்பார்கள். "மாப்பிள்ளை ஏன் பயந்தமாதிரி நிக்கிறார்?" என்று ஒரு தகப்பன் அல்பத்தைக் கொண்டுவந்து கேட்டார். "சோடனை என்ர. பயம் அவற்ற சொந்தம்," என்றார் பற்றிக்.

ஊருக்கெல்லாம் நெஞ்சிடி கொடுத்த அந்த மனிதருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. மகள் தினுஷாவைப் பார்க்கச் சாம்பல்தீவிலிருந்து டிலுக்ஷன் தாய் தகப்பனோடு வருவதாக இருந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் ஏற்கெனவே மனம் ஒத்தவர்கள். ஆனால் டிலுக்ஷன் தாய் எமில்டாவின் சொல்லைத் தாண்டாதவன். எமில்டாவுக்கோ ஒரு சந்தேகம் இருந்தது. இருபத்தொன்பது வயதாகியும் பெண் வீட்டில் இருக்கிறாள் என்றால் ஏதோ ஒளிக்கிறார்கள் என்பது அவளுடைய கணக்கு.

"அப்பா, இண்டைக்கு மட்டும் வீடு வீடா இருக்கட்டும்," என்றாள் தினுஷா.

"ஒண்டிலயும் கை வைக்கமாட்டன்," என்று பற்றிக் மாதாவைச் சாட்சி வைத்துச் சொன்னார். மனதார இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஆனால் கை பைக்குள் எவ்வளவு நேரம் இருக்கும்? எமில்டாவுக்குப் போட்ட கதிரை எப்படியோ கொஞ்சம் திரும்பியிருந்தது. அதில் இருந்தால் மகளின் அறைக் கதவு மட்டுமே கண்ணில் படும். கதவு நாலு விரல் திறந்திருந்தது. தேத்தண்ணித் தட்டை அவர்தான் தூக்கி வந்தார். வந்தவர்கள் மூன்று பேர். தட்டில் நாலு கோப்பை.

எமில்டா நாலாவது கோப்பையைப் பார்த்தாள். "இன்னும் ஆரும் வர இருக்கினமோ?"

"இல்லை," என்றார் பற்றிக். பிறகுதான் தட்டைப் பார்த்தார். ஆவி பறந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஸஜ்ஜாத்திடமிருந்து போன் வந்தது. பற்றிக் குசினிக்குள் ஓடினார். அவர் போனில் கதைப்பது கிண்ணியா வரைக்கும் போன் இல்லாமலே கேட்கும்.

"ஓம் தம்பி, பொம்பிளையை இந்தக் கிழமையே முடிச்சிடுவம். இனி இழுத்தடிக்க ஏலாது."

திருகோணமலையில் பெண்ணை முடிப்பது என்றால் கலியாணம் செய்வது. பற்றிக்கும் ஸஜ்ஜாத்தும் ஆறு வருடமாக அந்தச் சொல்லை வேறு வேலைக்குப் பாவித்து வந்தார்கள். ஹோலில் இருந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? டிலுக்ஷனின் தகப்பன் மீசைக்குள் சிரித்தார். "சம்மந்தி எங்களைவிட அவசரத்தில நிக்கிறார்."

"ஆனா சத்தம் வரப்படாது. அயலட்டைக்குத் தெரியாம முடிக்கோணும்."

எமில்டா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"முகத்தைக் காட்ட வேண்டாம். பின்பக்கம் காட்டினாப் போதும். முகத்தைக் கண்டாக் காரியம் கெட்டிடும்."

எமில்டாவின் கண் கதவுக் கீற்றுக்குப் போனது. சீலா எழுந்து குசினிப் பக்கம் பார்த்துப் பெரிதாக இருமினாள்.

"என்ன பயம்? முதல் ரெண்டு தரம் முடிச்சதும் ஒருத்தருக்கும் தெரியாமத்தானே முடிஞ்சது!"

எமில்டா எழுந்து நின்றாள். "தம்பி டிலுக்ஷன், எழும்பு. போவம்."

டிலுக்ஷன் எழும்பினான். தினுஷாவின் அறைக்குள் ஏதோ ஒன்று விழுந்து உடைந்த சத்தம் கேட்டது. போனை மடக்கிக்கொண்டு வந்த பற்றிக், ஆறு வருடமாகத் தான் தேடிய காட்சி தன் ஹோலிலேயே நிற்பதைக் கண்டார்: பாதி எழும்பிய ஆட்கள், தொடாத கோப்பை, நாலு விரல் இருட்டு. எல்லாம் அவர் வைத்தபடியே இருந்தது.

"அண்ணை, ஒளிக்காமச் சொல்லுங்கோ," என்றாள் எமில்டா. "உங்கட பிள்ளை ஏற்கெனவே ரெண்டு தரம் முடிச்சவவோ?"

பற்றிக் கையிலிருந்த போனைப் பார்த்தார். விளங்கியதும் இரண்டு கையையும் தூக்கினார்.

"ஐயோ தங்கச்சி, அது கலியாணம் இல்லை. கொலை."

"கொலையோ?"

"ஓம். படத்துக்கு. இதோட மூண்டு பொம்பிளையள். ஒருத்தியை உந்தச் செற்றியில வைச்சுத்தான் முடிச்சனாங்கள்."

எமில்டா நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டாள். "மாதாவே, கொலைதானே. நான் பயந்தே போனன்." கதிரையில் திரும்ப இருந்தாள். "பிள்ளையை வெளியில கூப்பிடுங்கோ. வந்ததிலயிருந்து அந்தக் கதவைப் பாத்துப் பாத்து எனக்குக் கழுத்து நோகுது."

கதவு திறந்தது. தினுஷா அழுத கண்ணோடு வந்து நின்றாள். எமில்டா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு நாலாவது கோப்பையை எடுத்து நீட்டினாள்.

"இது உமக்குத்தான்போல. ஆறிப்போச்சு. பரவாயில்லை, குடியும்."

உயிர்த்த ஞாயிறு கழிந்து கலியாணம் என்று முடிவானது. மாப்பிள்ளை வீட்டார் வந்த வான் போன பிறகு தாயும் மகளும் சொந்தக்காரருக்குச் சொல்ல அடுத்த வீட்டுக்குப் போனார்கள். பொழுது பட்டுவிட்டது. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. பற்றிக் கோப்பைகளைப் பொறுக்கி வைத்துவிட்டு, வழமைபோல மகளின் அறைக் கதவில் நாலு விரலை நுழைத்து அளவு வைத்தார். பின்னால் நகர்ந்துபோய் ஒரு கண்ணை மூடினார்.

வெகுநேரம் அந்தக் கீற்றைப் பார்த்தபடி நின்றார். உயிர்த்த ஞாயிறு கழிந்தால் அதற்குப் பின்னால் உண்மையிலேயே ஒருவரும் இருக்கமாட்டார்கள். மூடிய கண்ணையும் திறந்தார். பிறகு போய்க் கதவைச் சுவரில் முட்டும்வரை தள்ளி, அது திரும்பி வராதபடி ஒரு கதிரையை இழுத்து அண்டை கொடுத்தார்.