கன்னி, தாய், கிழவி

பஸ் ஆலப்பாக்கத்தைத் தாண்டும்போது ஜெயராணி ஜெபமாலையின் ஐந்து பத்து மணிகளில் மூன்றாம் பத்தை முடித்திருப்பாள். மணிகள் கைப்பைக்குள் நகரும். வெளியே உதடு மட்டும் அசையும். புதுச்சத்திரத்தில் கூட்டம் ஏறி, யாராவது அவள் மடியில் பையை வைத்தாலும் எண்ணிக்கை பிசகாது. ஐந்தாம் பத்து முடியவும் வெள்ளாற்றுப் பாலம் வரவும் சரியாக இருக்கும். அங்கே ஜெபமாலையை விட்டுவிட்டு, உள்ளங்கையை ஜன்னல் கம்பியில் பதித்து ஆற்றைப் பார்ப்பாள். "வந்துட்டேம்மா" என்பாள். தண்ணீர் ஓடினாலும் அதே வார்த்தை, வெறும் மணல் கிடந்தாலும் அதே வார்த்தை.

வயது நாற்பத்தேழு. வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். வேலை சிதம்பரம் மேலவீதிப் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்பில். பத்தொன்பது வருடமாக அங்கே பார்மசிஸ்ட். டாக்டர் ஐந்து நாளைக்கு எழுதிய மாத்திரையை இரண்டு நாளைக்கு மட்டும் கேட்டால் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவாள். "ரெண்டு நாள்ல நோவு போயிட்டு, மூணாம் நாளு அதோட அண்ணன் வருவான். அப்ப என்னா பண்ணுவ?" கேட்டவர் ஐந்து நாளைக்கே வாங்கிக்கொண்டு போவார்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் பைபிளிலிருந்து படிக்கும் முதல் வாசகம் பெரும்பாலும் அவளுடையது. மைக் இல்லாமலே கடைசிப் பெஞ்சுவரை கேட்கிற குரல். தெருவின் பதினான்கு கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியத்துக்கு அவள்தான் தலைவி. இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. ஒளிந்திருந்தது இன்னொன்று.

கோயில்கள் பூட்டிக்கிடந்த கொரோனா காலத்தில் அது தொடங்கியது. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் வெண்மதி என்ற பெண் தைராய்டு மாத்திரை வாங்க வருவாள். கழுத்தில் வட்டத்துக்குள் ஐந்து முனை நட்சத்திரம். அது என்னவென்று ஜெயராணி கேட்டாள்.

"விக்காக்கா."

"விக்ஸா? ரெண்டாவது ஷெல்ஃப்ல இருக்கு."

"விக்ஸ் இல்லக்கா, விக்கா. அது ஒரு மதம். இங்கிலாந்துல தொடங்குனது. நிலா, பருவம், மண்ணு, தண்ணி, இதையெல்லாம் கும்புடறது. யாருக்கும் கெடுதல் பண்ணக் கூடாது, அதான் சட்டம்."

"இதுக்கு எதுக்கு அவ்ளோ தூரம் போவணும்?" என்று சிரித்தாள் ஜெயராணி. ஆனால் அடுத்த மாதம் மாத்திரைக்கு வந்தபோது வெண்மதி சொன்ன ஒன்று அவளுக்குள் தங்கிவிட்டது. விக்காவின் தேவிக்கு மூன்று முகங்கள்: கன்னி, தாய், கிழவி. மூன்றுக்கும் ஒரே மரியாதை.

ஜெயராணிக்குப் பிள்ளை இல்லை. பதினொரு வருடம் வைத்தியம் பார்த்தாள். போகாத திருத்தலம் இல்லை. நாற்பத்தொன்றாம் வயதில் கட்டி என்று கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லாரும் "தேவ சித்தம்" என்று சொல்லிவிட்டு ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போனார்கள்.

"கன்னியும் தாயும் எங்க மாதாவே இருக்காங்க" என்றாள் வெண்மதியிடம். "கிழவியைத்தான் எங்க கோயில்ல எங்கயும் பாத்ததில்ல."

அதன் பிறகு படுக்கையறை மூலையில் ஒரு சின்ன மேசை வந்தது. நடுவில் மாதா சுரூபம். சுற்றிலும் மண் கிண்ணத்தில் கடல் தண்ணீர், ஒரு மெழுகுவர்த்தி, ஊதுவத்தி, ஒரு பிடி மண். பௌர்ணமிதோறும் தரையில் கல் உப்பால் வட்டம் போட்டு, நடுவில் உட்கார்ந்து நான்கு திசைக்கும் நன்றி சொல்வாள். முடிந்ததும் மெழுகுவர்த்தியை வாயால் ஊத மாட்டாள்; வெண்மதி சொல்லிக்கொடுத்தபடி விரலால் கிள்ளி அணைப்பாள். அதற்கு முன்பு, பொழுது சாய்கிற நேரத்தில், தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய் நிலா கடலிலிருந்து ஏறுவதைப் பார்த்துவிட்டு வருவாள். கூட்டிப்போவது கணவர் இன்னாசிராஜ். சிப்காட்டில் பாய்லர் ஆப்பரேட்டர். பைக்கில் சாய்ந்து சுட்ட சோளம் தின்றபடி காத்திருப்பார். அவருடைய புகார் ஒன்றே ஒன்றுதான்: "மாசம் ரெண்டு பாக்கெட்டு உப்பு ஆவுது. பிரஷர் எனக்கா, வூட்டுக்கா?"

போன அக்டோபர் ஜெபமாலை மாதத்தில் அன்பியத்தார் வீடு வீடாகக் கூடினார்கள். ஜெயராணி வீட்டு முறை வந்தது. கூடுதலாகப் பாய் எடுக்க உள்ளே போனாள் எதிர்வீட்டுச் சவரிமேரி. ஆபரேஷன் சமயத்தில் இருபது நாள் ஜெயராணிக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவள். உள்ளே போனவள் வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"என்னாடி ராணி அது? உப்பு, மண்ணு, வட்டம்... சூனியமா?"

ஜெபித்துக்கொண்டிருந்த வாய்கள் நின்றன. ஜெயராணி சொன்ன விளக்கம் யார் காதிலும் ஏறவில்லை. அடுத்த ஞாயிறு அவள் உட்கார்ந்த பெஞ்சில் இரண்டு பேருக்கான இடம் காலியாகவே கிடந்தது. சூனியக்காரி என்ற வார்த்தை சாதாரணமானதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஒரு தெருவில் ஒரு பெண் மேல் அது ஒட்டிவிட்டால் எந்த வீட்டில் எந்தக் குழந்தை வாந்தி எடுத்தாலும் அவள் பெயர் வரும்.

கூப்பிடுவதற்கு முன்பே அவளே போய்ப் பங்குத்தந்தை டோனியைப் பார்த்தாள். முப்பத்தைந்து வயதுக்காரர், அதட்டிப் பேசத் தெரியாதவர்.

"வேளாங்கண்ணில தொட்டில் கட்டுறோம், பூட்டு போடுறோம், உப்பும் மொளகும் கொட்டுறோம். அதெல்லாம் எந்தச் சட்டத்துல இருக்கு ஃபாதர்? நான் போட்ட உப்பு மட்டும் தப்பா?"

"உப்பு தப்பில்லக்கா. தொட்டில் கட்டுறவங்களுக்கு யார்கிட்ட கேக்குறோம்னு தெரியும். அந்த வட்டத்துல உக்காந்து பேசும்போது யாரு கேக்குறாங்கன்னு உங்களுக்குத் தெரியுதா?"

பொய் சொல்லியிருக்கலாம். மாதாதான் என்று சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

"மாதான்னுதான் ஆரம்பிச்சேன். இப்பல்லாம் சில நாளு வேற யாரோ மாதிரி இருக்கு. கெட்டதா இல்ல. ஆனா வேற யாரோ."

"அது தெளிவாகுற வரைக்கும் வாசகம் வேணாம்க்கா. நற்கருணை வாங்குறது... உங்க மனசாட்சிக்கு விடுறேன்." பிறகு, கோயிலில் கிழவி முகம் எங்கும் இல்லை என்று அவள் முதலில் சொல்லியிருந்ததற்குப் பதிலாக, "புனித அன்னம்மாள் இருக்காங்களே, மாதாவோட அம்மா" என்றார்.

"அவுங்களும் பெத்தவுங்கதான ஃபாதர்."

ஃபாதர் மேசையிலிருந்த நற்செய்தியைத் திறந்து தேடத் தொடங்கினார்.

வெண்மதியிடம் ஆறுதல் கிடைக்கும் என்று நினைத்தாள். அந்தப் பெண் கவுன்ட்டரில் கையை ஊன்றிக்கொண்டு, "எங்க குரூப்லயும் கேட்டேன்க்கா. சிலபேரு ரெண்டையும் வெச்சிக்கலாம்ங்கறாங்க. எனக்கு ஒப்பல. உங்க மதத்துக்காரங்கதான ஒரு காலத்துல சூனியக்காரின்னு சொல்லி அத்தினி பொம்பளைங்கள எரிச்சாங்க? அந்தச் சிலுவையக் கொண்டாந்து வட்டத்துக்கு நடுவுல எப்புடிக்கா வெப்பீங்க?" என்றாள்.

ஜெயராணி அட்டையிலிருந்து மாத்திரையை வெட்டினாள். "எரிச்சவனும் ஜெபம் பண்ணான். எரிஞ்சவளும் அதே சிலுவையப் பாத்துத்தாம்மா ஜெபம் பண்ணியிருப்பா. அவ ஜெபத்தை யாருகிட்ட குடுக்கறது?"

வெண்மதி மாத்திரையை வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஜெயராணி கடைசிப் பெஞ்சுக்குப் போனாள். அப்பம் வாங்கும் நற்கருணை வரிசை நகரும்போது எழுந்து நிற்பாள், போக மாட்டாள். பௌர்ணமியன்று வட்டத்துக்குள் உட்கார்ந்தால் ஃபாதரின் கேள்வி கூடவே உட்கார்ந்தது. இரண்டு இடத்திலும் வாசலிலேயே நிற்கிற மாதிரி இருந்தது. "எங்கயாச்சும் ஒரு எடத்துல உக்காருடி" என்றார் இன்னாசிராஜ். அவர் குரலில் கேலி இல்லை.

டிசம்பர் மழையில் ஒரு மாலை சவரிமேரி பின்வாசல் வழியாக வந்தாள். முந்தானைக்குள் மூன்று வயதுப் பேத்தி.

"மூணு நாளாக் காய்ச்சலு. ஏதாச்சும் மந்திரிச்சு விடுடி. யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

ஜெயராணி குழந்தையின் கையை விளக்கடியில் திருப்பிப் பார்த்தாள். தோலில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். "மந்திரமா? டெங்கா இருந்தா ரத்தம் டெஸ்ட் பண்ணணும்க்கா, கெளம்பு" என்று குடையை எடுத்தாள். பெரியாஸ்பத்திரியில் பிளேட்லெட் எண்ணிக்கை வரும்வரை இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார்கள். குழந்தை ஒரு வாரத்தில் எழுந்து ஓடியது. சவரிமேரி மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு அதிரசம் மட்டும் ஜாஸ்தியாக வந்தது.

அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில்தான் தனக்குத் தெளிந்தது என்பாள் ஜெயராணி. "பயம் வந்தப்ப வாயில எந்தப் பேரு வந்துச்சோ, அதான் என் வூடு." ஜனவரியில் ஃபாதரிடம் போனாள்.

"வட்டம் போடுறத நிறுத்திட்டேன் ஃபாதர். ஆனா பொய் சொல்லமாட்டேன். அங்க கெடைச்சது எதையும் நான் தூக்கிப் போடல. நெலாவப் பாத்தா கை தானா கூப்புது."

"கூப்பட்டும். யாருக்குன்னு சொல்லிட்டுக் கூப்புங்க." அவர் மேசையிலிருந்து நற்செய்தியை எடுத்தார். "மூணு மாசமாத் தேடி ஒருத்தரக் கண்டுபிடிச்சேன். அன்னா. இறைவாக்கினர். எம்பத்திநாலு வயசு, கைம்பெண். பிள்ளை பெத்ததா ஒரு வார்த்தை இல்ல. கோயிலை விட்டு அசையல. குழந்தை இயேசுவைப் பாத்து ஊருக்கெல்லாம் சொன்னவங்க."

ஜெயராணி வாங்கிப் படித்தாள். "மூணு வசனந்தான வருது அவுங்களுக்கு?"

"மூணுதான்."

பிப்ரவரி இரண்டு, ஆண்டவரைக் கோயிலில் காணிக்கையாக்கிய திருநாள். மெழுகுதிரிகளை மந்திரித்துப் பவனி வருகிற மாலைப் பூசை. வெண்மதியின் நாட்காட்டியிலும் அந்த நாளையொட்டி ஒரு நெருப்புத் திருவிழா இருப்பது ஜெயராணிக்குத் தெரியும். அதை யாரிடமும் சொல்லவில்லை. அன்றைய நற்செய்திக்கு நீண்டது, சுருக்கம் என்று இரண்டு வடிவம் உண்டு. சுருக்கத்தில் அன்னா வர மாட்டாள். வேலை நாள் என்பதால் வழக்கமாகச் சுருக்கம்தான். டோனி ஃபாதர் நீண்டதை வாசித்தார். அந்த மூன்று வசனத்தை மட்டும் கொஞ்சம் நிறுத்தி வாசித்தார். ஜெயராணி கடைசிப் பெஞ்சில் நின்று கேட்டாள். கன்னத்தைத் துடைக்கவில்லை.

அதுவரை கையில் எரிந்த திரிகளை அணைக்கச் சொன்னார்கள். கோயில் முழுக்க உஸ் உஸ்ஸென்று ஊதும் சத்தம். ஜெயராணி ஊதவில்லை. இரண்டு விரலை நாக்கில் தொட்டு, சுடரை மெல்லக் கிள்ளி அணைத்தாள். பக்கத்தில் சவரிமேரி ஊதுவதற்கு வாயைக் குவித்தவள், நிறுத்தி, அவள் விரல்களையே பார்த்தாள். பிறகு தன் திரியையும் அவள் பக்கமாக நீட்டினாள்.