தங்கராஜு தாய்லாந்து போக மூன்று வருஷம் யோசித்தது

என் பெரிய மகன் தங்கராஜு ஐம்பத்து நாலு வயசில் மோட்டார் சைக்கிளில் தாய்லாந்து போனான். போய்ச் சேர ரெண்டு நாள். எப்படிப் போவது என்று முடிவு பண்ண மூன்று வருஷம். அந்த மூன்று வருஷமும் நான் அந்த வீட்டில்தான் இருந்தேன், அதனால் இதைச் சொல்ல எனக்குத்தான் தகுதி. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி பிரவீனா எழுதுகிறாள்.

தங்கராஜுவைப் பற்றிப் பெரிசாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மலேசியாவில், செடெனாக் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தான். நானும் அவன் அப்பாவும் அங்கே பால் வெட்டினோம். முதலாளி எஸ்டேட்டை விற்று அங்கே வீடுகள் கட்ட ஆரம்பித்ததும் பத்து பாகாட் வந்துவிட்டோம். இருபத்தொன்பது வருஷமாக ஒரே துணி மில்லில் மிஷின் ரிப்பேர் பார்க்கிறான். சங்கு ஊதினால் உள்ளே, மறுபடி ஊதினால் வெளியே. குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஒரே கெட்ட பழக்கம், எதையும் முடிவு பண்ண மாட்டான். தீபாவளிக்கு ஒரு சட்டை எடுக்கத் தங்காக் வரைக்கும் போய், ஏழு கடை ஏறி இறங்கி, வெறுங்கையோடு வந்து, அடுத்த வாரம் மறுபடியும் போவான். பெண் பார்த்தபோதும் இதே கூத்து. கடைசியில் நான்தான் தட்டை மாற்றினேன். அவன் பெண்சாதி கஸ்தூரிக்கு இது தெரியும், அவள் கோவிக்க மாட்டாள்.

இந்தத் தாய்லாந்து ஆசையைக் கொண்டுவந்தது அவன் கூட்டாளி தயானந்தன். லேண்ட் ஆபீசில் வேலை பார்த்துப் பென்சன் வாங்கியவன். சிலோன்காரர் வீட்டுப் பிள்ளை. எதைக் கேட்டாலும் ஆமாம் என்பதற்கு “ஓம்” என்பான், எதற்கும் ஒரு பைல் வைத்திருப்பான். வடக்கே சியாங் மாய் பக்கம் மலை ரோடு, ஆயிரத்துச் சொச்சம் வளைவு, உலகத்தில் இருக்கிற மோட்டார்காரன் எல்லாம் அங்கே போகிறான் என்று படம் காட்டினான்.

“ஜொகூர் பாருல ஒரு கம்பெனி கூட்டிக்கிட்டுப் போறாங்க அம்மா. முன்னால ஒரு ஆள் வழி காட்டுவான், கடைசியில ஒரு ஆள் வருவான், அதுக்குப் பின்னால வேன். பேக்கை வேன்ல போட்டுட்டு நாங்க சும்மா ஓட்டினாப் போதும்” என்றான் என்னிடம்.

“மோட்டார்?” என்று கேட்டேன்.

“அங்கயே வாடகைக்குக் குடுப்பாங்க. நாங்க பிளேன்ல போய் இறங்குவோம்.”

“அப்போ என் மோட்டார் எதுக்கு?” என்றான் தங்கராஜு. “வாசல்ல நிறுத்தித் துணி காயப் போடவா?”

“இப்பவும் அதுதானே நடக்குது” என்றாள் கஸ்தூரி.

அவனுக்கு நம் வீட்டு கேட்டிலிருந்து சொந்த மோட்டாரில் கிளம்பி, எல்லை தாண்டி, தானே வழி பார்த்துப் போக வேண்டும். ஆசைதான். ஆனால் துணிச்சல் வராது. குழுவோடு போகலாம் என்று திங்கட்கிழமை சொல்வான். புதன்கிழமை போனில் எவனோ தனியாகப் போனதைப் பார்த்துவிட்டு, தனியாகத்தான் என்பான். சாப்பாட்டு மேசையில் பெரிய மேப்பை விரித்து மேலே பிளாஸ்டிக் போட்டுவிட்டான். மாசக் கணக்கில் நான் பாங்காக் மேல்தான் சோறு தின்றேன். முதல் வருஷம் யோசித்து முடிப்பதற்குள் மழை வந்தது. ரெண்டாவது வருஷம் யோசித்து முடிப்பதற்குள் கம்பெனியில் இடம் நிறைந்தது. மூன்றாவது வருஷம் மில்லில் பதினாலு நாள் லீவு கொடுத்தார்கள். அடுத்து புது மிஷின் இறக்கப் போகிறார்களாம், இந்த லீவை விட்டால் ரெண்டு வருஷத்துக்கு ஒருத்தருக்கும் நீள லீவு கிடையாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். டூர் கம்பெனிக்குப் பேர் கொடுக்கவும் லீவு வாரத்துத் திங்கட்கிழமை மத்தியானம்தான் கடைசி.

நான் குழுவோடு போ என்றேன். முதல் நாளிலிருந்து அதைத்தான் சொன்னேன். அவனுக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. சாப்பிட மறந்துவிடுவான். ஒருதரம் யோங் பெங் பெட்ரோல் ஸ்டேஷனில் கை கால் நடுங்கி உட்கார்ந்துவிட்டான். நாசி லெமாக் சோறு விற்கிற மலாய்க்காரப் பொம்பளை ஒருத்தி சீனி போட்ட தேத்தண்ணியை வாயில் ஊற்றிக் காப்பாற்றினாள். தாய்லாந்து மலையில் எவள் வந்து ஊற்றுவாள்? வேனில் நாலு பேர் இருந்தால் ஒருத்தராவது பார்ப்பார்கள்.

இதில் இன்னொரு வம்பு. அந்த மோட்டார் என் பேரில் இருக்கிறது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவன் அதை வாங்கியபோது அவனுக்கு ஏழரைச் சனி. சனி முடியும் வரைக்கும் வண்டி வாகனம் சொந்தப் பேரில் வேண்டாம் என்று மாரியம்மன் கோயில் ஐயர் சொன்னார். அதனால் வண்டி கார்டில் கருப்பாயி என்று என் பேரைப் போட்டோம். சனி எப்போதோ விலகிவிட்டது. பேரை மாற்றவா வேண்டாமா என்று இவன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான். இப்போது எல்லை தாண்ட வேண்டுமென்றால் சொந்தக்காரர் சம்மதக் கடிதம் வேண்டுமாம். ஆக, தங்கராஜு தனியாகப் போவது என் கட்டை விரலில் வந்து நின்றது.

நாலு நாள் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தான். வெள்ளிக்கிழமை காலையில், தொல்லை பொறுக்காமல், சரி வா என்று போனேன். ரேகைக்கு முத்திரை குத்தித் தருகிற சின்ன ஆபீஸ். ஒரு மலாய்க்காரப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். கடிதத்தை நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினார். நான் விரலில் மையும் தொட்டுவிட்டேன். அப்போதுதான் அவர் கேட்டார்.

“மக்சிக், ரேலா?”

மக்சிக் என்றால் பெரியம்மா, ரேலா என்றால் மனசாரச் சம்மதமா என்று அர்த்தம். சரியா என்று கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன். இவர் மனசைக் கேட்கிறார். இல்லாததை எப்படி இருக்கிறது என்று சொல்வது?

“தாக் ரேலா” என்றேன். “ஆனா ரேகை வைக்கிறேன்.”

அவர் முத்திரையை மூடி வைத்துவிட்டார். “மனசில்லாதவங்க ரேகையை நான் வாங்க முடியாது மக்சிக்.”

“ம்மா, ஒரு வார்த்தைதானேம்மா” என்றான் தங்கராஜு.

“பொய்யைச் சொல்லிட்டு விரலை வைக்கச் சொல்றியாடா?”

வெளியே வந்தோம். அவன் கத்தவில்லை. மையைத் துடைக்க டிஷ்யூ எடுத்துக் கொடுத்தான். அதுதான் எனக்கு ஆத்திரம். திட்டியிருந்தால் நானும் ரெண்டு திட்டித் தீர்த்திருப்பேன். “சரிம்மா, குழுவோடவே போறேன்” என்றான். மூன்று வருஷமாக நான் கேட்ட வார்த்தை. கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இல்லை. அதுவும் ஒரு எரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கம்பெனி பத்து பாகாட்டில் ஒரு சாப்பாட்டுக் கடை மாடியில் கூட்டம் வைத்தது. யார் கையில் பிள்ளையைக் கொடுக்கிறோம் என்று பார்க்க நானும் போனேன். கஸ்தூரி கார் ஓட்டினாள். கவின் என்று ஒரு தம்பிதான் தலைவன். மரியாதையான பிள்ளை, எனக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தான். வந்தவர்களுக்கெல்லாம் நம்பர் போட்ட மஞ்சள் சட்டை கொடுத்தான். தயானந்தனுக்குப் பதிமூன்று, இவனுக்குப் பதினாலு.

“காலையில ஆறரைக்கு எல்லாரும் லைன்ல நிக்கணும்” என்றான் கவின். “நம்பர் கூப்பிடுவேன், பதில் சொல்லணும். லீடரைத் தாண்டி யாரும் போகக் கூடாது. நான் நிறுத்துற இடத்துலதான் நிறுத்தணும். இப்ப ஒரு தடவை செஞ்சு பாப்போமா?”

செய்து பார்த்தார்கள். “பதினாலு” என்றதும் என் மகன் எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வயிற்றை உள்ளே இழுத்து, “இருக்கேன்” என்றான்.

“தம்பி, இது பெரட்டு இல்லையா?” என்று கேட்டேன்.

“பரோட்டாவா பாட்டி? சாப்பாடு அப்புறம் வரும், கொஞ்சம் பொறுங்க.”

வயசானவர்கள் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். அந்தத் தம்பிக்குத் தெரிய நியாயமில்லை. எஸ்டேட்டில் விடியும் முன்னால் எங்களை வரிசையில் நிறுத்தி, வேலை வாங்குகிற மண்டோர் பேர் கூப்பிடுவார், அதுதான் பெரட்டு. பிந்தி வந்தால் அன்றைக்கு வேலை இல்லை, வீட்டுக்குப் போ. நான் பதினெட்டு வருஷம் நின்றேன். இவன் அப்பா அதைவிட அதிகம் நின்றார். இவன் மில்லில் கார்டு தட்டிவிட்டு நிற்கிறான். லீவு போட்டு, காசு கட்டி, இன்னொரு தேசத்துக்குப் போயும் நிற்க வேண்டுமா?

கவினைக் குறை சொல்ல மாட்டேன். இருபது பேரை மலையில் ஏற்றி இறக்க அவன் அப்படித்தான் செய்ய முடியும். தயானந்தனைப் பார்க்க வேண்டுமே, பைலில் ஒவ்வொரு விதியையும் எழுதி, பக்கத்தில் டிக் போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு அதுதான் லீவு. என் மகன் மட்டும் அந்த மஞ்சள் சட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தான்.

ஆனால் மூன்று வருஷம் குழு, குழு என்று கத்திவிட்டு நான் எப்படி மாற்றிப் பேசுவது? காரில் வரும்போது அவனையே சொல்ல வைக்கலாம் என்று பார்த்தேன்.

“ஏன்டா, அந்தப் பதினாலு உனக்குப் பிடிச்சிருக்கா?”

“நீங்கதானேம்மா போகச் சொன்னீங்க.”

“நான் என்ன கேக்குறேன், நீ என்ன சொல்ற?”

“தெரியலம்மா.”

“அலமாக், கடவுளே. ஐம்பத்து நாலு வயசு.”

கஸ்தூரி காரை ஓரமாக நிறுத்திவிட்டாள். “மூணு வருஷமா ரெண்டு பேரும் பேசுறீங்க அத்தை. என்னை ஒருத்தராச்சும் கேட்டீங்களா?”

“உன்னை என்ன கேக்குறது?” என்றான் இவன்.

“பின்னால உக்காந்து வரியான்னு கேக்குறது. மாத்திரை, மிட்டாய், பிஸ்கட்டு எல்லாம் என் பையில இருக்கும். உங்களுக்குப் பசிச்சாலும் சாப்பாடு, பசிக்காட்டியும் சாப்பாடு. அவ்வளவுதானே அத்தைக்குப் பயம்.”

“அவ்வளவு தூரம், உனக்கு முதுகு வலிக்கும்லா.”

“பதினஞ்சு வருஷமா தையல் மிஷின்ல உக்காந்திருக்கேன். அந்த ஸ்டூலை விடவா உங்க சீட்டு மோசம்?”

நாங்கள் அவளைக் கேட்கவில்லைதான். எனக்குக் கூடத் தோன்றவில்லை, அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பிரவீனா, எழுது.

திங்கட்கிழமை மறுபடியும் அதே ஆபீஸ். மணி பதினொன்று. கம்பெனிக்குப் பதில் சொல்ல இன்னும் ஒரு மணி நேரம். பெரியவர் என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

“இன்னைக்கு ரேலாவா மக்சிக்?”

“பாதி” என்றேன்.

“பாதின்னு ஒண்ணு கிடையாது.”

தங்கராஜு என் முகத்தைப் பார்க்கவில்லை. கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், சங்கு ஊதக் காத்திருக்கிறவன் மாதிரி. எனக்குக் கோபம் இருந்தது. பயமும் இருந்தது, மாத்திரைப் பை கூடவே போனாலும் பயம் போகுமா. ஆனால் அவன் போகக் கூடாது என்று மனசில் இருந்தது போய்விட்டது. அது பொய் இல்லை. “ரேலா” என்றேன். விரலை வைத்தேன். பெரியவர் முத்திரை குத்தினார். இவன் அங்கேயே தயானந்தனுக்குப் போன் போட்டு, “நான் வரல தயா” என்றான். அந்தப் பக்கம் பத்து நிமிஷம் ஏச்சு. இவன் கேட்டுக்கொண்டு நின்றான்.

புதன்கிழமை எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். கறுப்பு ஜாக்கெட்டா சாம்பல் ஜாக்கெட்டா என்று ஆரம்பித்தான். கஸ்தூரி ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள், இறங்கவே இல்லை. ராகு காலத்துக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது கேட்டைத் தாண்டினார்கள். எனக்கு வாயில் வந்ததை எல்லாம் பிரவீனா எழுத மாட்டேன் என்கிறாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் எல்லை தாண்டியாச்சு என்று ஒரு வரி அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை காலையில் தாய்லாந்து ஹட்யாயிலிருந்து போன் வந்தது.

“ம்மா, சாப்பிட்டேன். மாத்திரையும் போட்டாச்சு.”

“சரி.”

“இங்க ஈப்போ ஆளுங்க பன்னெண்டு மோட்டார்ல வந்திருக்காங்கம்மா. நம்ம ஆளுங்கதான். அவங்களும் வடக்கேதான் போறாங்க. கூட வாங்கன்னு கூப்புடுறாங்க. சேந்து போலாமா, தனியாவே போலாமா?”

நான் கரண்டியை எடுத்துச் சோற்றைக் கிளறினேன்.

“ம்மா, லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன். அடுப்புல சோறு கொதிக்குது.”

“நீங்க என்னம்மா நெனைக்கிறீங்க?”

“நான் ஒண்ணும் நெனைக்கல. நீ பாத்துக்கோ.”

போனில் மோட்டார் சத்தம்தான் கேட்டது. கஸ்தூரி பக்கத்தில்தான் இருந்திருப்பாள். அவளும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை.

“தனியாவே போறோம்மா. இங்கிருந்து கடலோரமா ஒரு ரோடு இருக்கு, சுத்துதான். எனக்கு அதுல போகணும்.”

அவன் முடிவு பண்ண அரை நிமிஷம்கூட ஆகவில்லை என்கிறாள் பிரவீனா.

என்னைக் கேட்டால் ஈப்போ ஆட்களோடு போயிருக்கலாம். பன்னிரண்டு மோட்டார், நம் ஆட்கள், பாஷை தெரியும், நம்பரும் கூப்பிட மாட்டார்கள். சுற்று ரோட்டில் என்ன இருக்கிறது, தண்ணீர்தானே, அது பத்து பாகாட்டில் இல்லையா? நாக்கு நுனி வரைக்கும் வந்தது. “பாத்துப் போ” என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டு, போய்ச் சோற்றை வடித்தேன்.