பிலோவின் மண்டை ஓட்டுக் கேசட்டுகள்

போன மாதம் தருமபுரி பஸ் நிலையத்துக்கு வெளியே, நடைபாதையில் பனியன் விற்கும் கடை ஒன்றில் அந்த மண்டை ஓட்டைப் பார்த்தேன். கறுப்பு டி-சர்ட்டின் நெஞ்சில், கண்குழிகளில் தீ எரிய, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு பக்கம் நடிகர் படம் போட்டது, இன்னொரு பக்கம் குழந்தைகளுக்கான கரடி பொம்மை. வெயிலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் கடைக்காரர் பக்கத்தில் வந்துவிட்டார்.

"எடுத்துக்குங்க சார். பசங்க இதத்தான் கேட்டு வாங்கறாங்க."

"இது யாருதுன்னு தெரியுங்களா?"

"ஏதோ பேய்ப் படம்ங்க" என்றார், ரொம்பச் சாதாரணமாக.

வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் தொப்பைக்கு அது ஏறாது என்று வாங்கும்போதே தெரியும். வீட்டில் பிரித்தபோது புது அச்சு மையின் வாசனை குப்பென்று வந்தது. அந்த வாசனைக்கு என் மூக்கில் ஏற்கெனவே ஒரு இடம் இருந்தது. புதுக் கேசட்டின் மேல்தாளைக் கிழித்து, உள்ளே மடித்து வைத்த அட்டையை விரித்தால் வரும் வாசனை. என் தங்கை பிலோமினா அந்த அட்டையை முதலில் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கேசட்டையே தொடுவாள்.

உங்களுக்கு அந்த இசைக்குழுவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொன்னதும் இல்லை. கடல் தாண்டி எங்கேயோ இருந்த நாலு பேர், இடுப்புவரை முடி, காது கிழியும் கிடார். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அது 'மண்டை ஓட்டுக் கேசட்', அவ்வளவுதான்.

பொம்மிடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவுக்குக் கொஞ்சம் மரவள்ளிக் காடு, நாலைந்து புளியமரம். நான் ஓசூரில் மோட்டார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அறையில் கூட இருந்த கோலார்க்காரன் ஒருவன் வேலையை விட்டுப் போகும்போது ஒரு கேசட்டை விட்டுவிட்டுப் போனான். காசு கொடுத்துப் புதுக் கேசட் வாங்குவானேன், இதன் மேலேயே அம்மாவுக்குக் கிறிஸ்துமஸ் பாட்டுகளைப் பதிந்து கொடுத்துவிடலாம் என்று ஊருக்கு எடுத்துப்போனேன். கேசட்டின் தலையில் இருக்கும் இரண்டு ஓட்டைகளில் காகிதத்தை உருட்டித் திணித்தால் பழைய பாட்டை அழித்துப் பதியலாம். அந்த வித்தையைச் செய்யக் காகிதம் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், பிலோ அதில் என்னதான் இருக்கிறது என்று போட்டுப் பார்த்துவிட்டாள்.

நான் திரும்பி வந்தபோது டேப் ரிக்கார்டருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"ணா, இத அழிக்காத" என்றாள்.

"என்னா புள்ள இருக்குது அதுல? தகரக் கொட்டாயில கல்லு உழற மாதிரி இருக்குது."

"மேல வர்ற சத்தத்த வுடு. அடியில ஒருத்தன் தனியா வாசிக்கறான் பாரு. அத மட்டும் புடிச்சிக்க."

பிடித்துக்கொள்ளத்தான் பார்த்தேன். ஒன்றும் சிக்கவில்லை. ஆனாலும் புரிந்த மாதிரித் தலையை ஆட்டினேன். அதற்கப்புறம் பல வருடம் அப்படித்தான் ஆட்டிக்கொண்டிருந்தேன். ஓசூரில் முடிகூட வளர்த்துப் பார்த்தேன். மேற்பார்வையாளர் ஒரு நாள் கூப்பிட்டு, "மெஷின்ல மாட்டுச்சுன்னா மண்டையே போயிரும்" என்றார். மறுநாளே வெட்டிவிட்டேன். என் ரசிகத்தனம் அவ்வளவுதான். பிலோ அப்படியில்லை. தருமபுரியில் கல்லூரி இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அட்டையில் எறும்பு ஊர்வதுபோல் அச்சிட்டிருந்த பாட்டு வரிகளை அகராதி வைத்துப் படித்தாள். சாவு, போர், பைத்தியம், தனிமை என்று ஒவ்வொரு பாட்டும் எதைப் பற்றியது என்று எனக்குச் சொல்வாள். துவைக்கிற கல்லில் துணியை அடிக்கும்போது அந்த டிரம்ஸ்காரனின் கணக்கில்தான் அடிப்பாள்.

அம்மா ஆரம்பத்தில் ஒன்றும் சொல்லவில்லை. "வவுறு வலிக்கிறவன் மாதிரி கத்தறானுங்க" என்பாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தால் சன்னலைச் சாத்துவாள். ஆனால் அந்தக் கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் மெதுவாகப் போகும் பாட்டு ஒன்று இருந்தது. களி கிண்டிக்கொண்டே, "அந்த அழுவற பாட்டு ஒண்ணு வருமே, அத போடு கண்ணு" என்று அம்மாவே கேட்டிருக்கிறாள்.

அந்த ஒரு கேசட்டோடு பிலோ நிற்கவில்லை. அவர்கள் வெளியிட்ட எல்லாமே அவளுக்கு வேண்டும். தருமபுரி, சேலம் கடைகளில் பெயரைச் சொன்னால் முழித்தார்கள். லீவு கிடைத்தால் நான் ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் பஸ் ஏறி, அங்கே கேசட் வாங்கிக்கொண்டு, சாயங்கால ரயிலில் பொம்மிடி வந்து இறங்குவேன். மெஜஸ்டிக் பக்கம் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே குனிந்து நுழைகிற கடை. முதல் தடவை போனபோது கடைக்காரர் என் கட்டம் போட்ட சட்டையையும் எண்ணெய் வைத்த தலையையும் பார்த்துவிட்டு, "ஏனு பேக்கு?" என்று, என்ன வேண்டும் என்பதைக் கன்னடத்தில் சந்தேகமாகக் கேட்டார். எனக்கில்லை, தங்கச்சிக்கு என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தங்கச்சியா கேக்குது இத?" என்று இரண்டு முறை கேட்டார். அதற்கப்புறம் அந்தக் குழுவின் கேசட் எது வந்தாலும் "தங்கச்சிது" என்று தனியாக எடுத்து வைத்துவிடுவார்.

வரிசையாகக் கிடைக்கவில்லை. நாலாவது முதலில் வந்தது, இரண்டாவது அப்புறம் வந்தது. பிலோ அவற்றை அலமாரியில் அம்மாவின் ஜெபப் புத்தகங்களுக்குக் கீழே அடுக்கி, வராததற்கு இடம் விட்டு வைத்திருந்தாள். கடைசியில் ஒரே ஒரு இடம்தான் காலியாக இருந்தது. அவர்களுடைய முதல் கேசட். அது இங்கே வெளியாகவே இல்லை, வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் என்றார் கடைக்காரர்.

அது கிடைத்த அன்று நான் ரயிலில் அடிக்கடி பையைத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தேன். பொம்மிடியில் இறங்கி வீட்டுக்குப் போனால் பிலோ கட்டிலில் படுத்திருந்தாள். கீழுதடு வீங்கியிருந்தது. அம்மா மூலையில் முழங்காலிட்டு ஜெபத்தில் இருந்தாள். என்னைப் பார்த்தும் எழவில்லை. அப்பாதான் என்னைப் புளியமரத்தடிக்குக் கூட்டிப்போய் நடந்ததைச் சொன்னார்.

பத்து நாளைக்கு முன்னால் பிலோ பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். திடீரென்று விழுந்து, கைகால் வெட்டி இழுத்திருக்கிறது. வாயில் நுரை, ரத்தம். பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அம்மா ஓடிவந்து அவளைத்தான் பார்த்தாளா, அந்தச் சத்தத்தைத்தான் கேட்டாளா தெரியாது. இரண்டும் அவள் மனதில் ஒன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டன. அந்த வாரமே இன்னொரு முறை வந்தது. தேவாலயத்துப் பங்குச்சாமியார் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறார். ஆனால் வலிப்பு என்று ஊருக்குத் தெரிந்தால் பெண்ணை யார் கட்டுவார்கள் என்ற பயம் அம்மாவுக்கு. பக்கத்து ஊரில் வெளியூர்க்காரர் ஒருவர் நடத்திய ஜெபக்கூட்டத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். வீட்டில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, அம்மா கேசட்டுகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். ஒன்றைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தாராம். அந்த அட்டையைப் பார்த்தால் நீங்களும் கொஞ்சம் யோசிப்பீர்கள்தான். "பிசாச அலமாரியில அடுக்கி வெச்சிட்டு எங்கிட்ட வந்து என்னம்மா அழுவுற?" என்றாராம்.

"அம்மா எரிச்சிட்டாளா?" என்று கேட்டேன்.

அப்பா இல்லை என்று தலையை ஆட்டினார். "உங்கம்மா தொடவே இல்லப்பா. சோறு தண்ணி இல்லாம முட்டி போட்டுக் கெடந்தா. பிலோ பாப்பாதான் எல்லாத்தயும் அள்ளியாந்து களத்துல போட்டுக் கொளுத்துச்சு."

களத்தின் ஓரத்தில் கறுப்பாக, மெழுகு உருகி இறுகியதுபோல் ஒரு கட்டி கிடந்தது. சுருள் நாடா கொஞ்சம் எரியாமல் வேலி முள்ளில் மாட்டிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

நான் உள்ளே போனபோது பிலோ என் பையைப் பார்த்தாள். அந்தக் கேசட்டின் முனை வெளியே தெரிந்தது. எது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு கணம் அவள் கண் பழையபடி ஆனது. அப்புறம் அம்மா பக்கம் பார்த்தாள்.

"உள்ள வெச்சிருணா" என்றாள் மெதுவாக. "அம்மா பாத்தா மறுபடியும் சாப்பிட மாட்டாங்க."

கேசட்டை எரித்ததால் வலிப்பு நின்றுவிடவில்லை. ஒரு மாதம் கழித்து, அடுப்படியில் வடித்த கஞ்சியைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது வந்தது. இடது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வெந்துபோனது. சேதி கிடைத்து நான் வந்தபோது அம்மா ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, வெந்த இடத்தில் விசிறிக்கொண்டிருந்தாள். வீட்டில் எரிப்பதற்கு இனி ஒன்றும் இல்லை. நான் சேலத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன். அம்மா மறுக்கவில்லை. "நானும் வரேன்" என்று செருப்பை மாட்டினாள்.

சேலத்தில் அந்த டாக்டர் ஒரு பெண். வயதானவர். பிலோவின் தலையில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, சின்ன வயதில் எப்போதாவது கடும் காய்ச்சல் வந்து ஜன்னி கண்டதா என்று கேட்டார்.

அம்மா பிலோவைத் திரும்பிப் பார்த்தாள். "ரெண்டு வயசுல வந்துச்சுங்க" என்றாள். "மழக் காலம். வண்டி கெடைக்கல. வெடிஞ்சப்புறம் தூக்கிட்டுப் போனோம்."

"அப்ப மூளையில பட்ட தழும்பும்மா. மாத்திரைக்குக் கேக்கும்."

"இந்தப் புள்ள பாட்டு கேக்குமுங்க. பயங்கரமான பாட்டு. அதனால..."

"பாட்டுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நல்லாக் கேக்கட்டும்."

எனக்கு அப்போது பெரிய நிம்மதி. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அந்த நாலு பேர் மேல் போட்டிருந்த பழியை டாக்டர் எடுத்துவிட்டார். அது போய் எங்கே இறங்கும்? அம்மா அந்த மழைக்காலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிலோ கட்டுப் போட்ட கையோடு அம்மாவின் தோளில் சாய்ந்து, "வுடும்மா, வண்டி இல்லன்னா நீ என்னா பண்ணுவ" என்றாள். அம்மா சாகும்வரை அந்தக் காய்ச்சலைப் பற்றி அடிக்கடி பேசினாள். கேசட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மாத்திரை கேட்டது. சில வருடங்களில் டாக்டரே நிறுத்திவிட்டார். பிலோ படிப்பை முடித்து ஆசிரியை ஆனாள். மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் அவளே சொல்லிவிட்டுத்தான் கல்யாணம் செய்துகொண்டாள். இப்போது பாப்பாரப்பட்டியில் இருக்கிறாள். நான் வாங்கிய அந்த முதல் கேசட் ஓசூரில் அறை மாறி அறை மாறி எப்போது தொலைந்தது என்றே தெரியவில்லை. மெஜஸ்டிக் சந்துக்கு ஒருமுறை போனேன். படிக்கட்டுக்குக் கீழே செல்போன் உறை தொங்கிக்கொண்டிருந்தது. கேசட் கடைக்காரரைப் பற்றிக் கேட்டேன். அங்கே இருந்தவருக்கு அப்படி ஒரு கடை இருந்ததே தெரியவில்லை.

இன்றைக்கு அந்தப் பாட்டுகள் அத்தனையும் போனில் இருக்கின்றன. முதல் கேசட்டும் இருக்கிறது. டி-சர்ட் வாங்கிய அடுத்த வாரம் சேலத்தில் ஒரு கல்யாணத்துக்கு நானும் பிலோவும் என் காரில் போனோம். தொப்பூர் கணவாயில் லாரிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. வண்டி நகராத நேரத்தில், அவளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று ஒன்றும் சொல்லாமல் போட்டுவிட்டேன். அவள் கடைசிவரை கேட்டிராத கேசட்டின் முதல் பாட்டு.

கண்டுபிடித்துவிட்டாள். லேசாகச் சிரித்தாள். "கொரலு அப்ப எவ்ளோ சின்னதா இருந்திருக்குது பாருணா" என்றாள். பாட்டு பாதி ஓடியதும் திரும்பிப் பார்த்தேன். இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, விரல்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புடிக்கலயா?"

"நல்லாத்தான் இருக்குது. இத்தன வருசமா மாத்திர இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்கே எல்லாம் தெரியும். ஆனா இந்தச் சத்தம் வந்தா கை இழுக்குதான்னு பாத்துக்கிறேன். பாட்டு காதுலயே ஏற மாட்டேங்குது."

நிறுத்தினேன். முன்னால் லாரி நகர்ந்தது. கணவாய் இறங்கி முடியும்வரை பிரேக் பிடிக்கும் சத்தம் மட்டும்தான் இருந்தது. பிலோ அப்போதும் கைகளைத் திருப்பி வைத்துக்கொள்ளவில்லை.