கருவிக்கு வைத்த பொட்டு

வட்டமான வெள்ளைத் தாள் ஒன்று, ஒரு நாள் முழுக்கக் காற்றை வடிகட்டிவிட்டுச் சாம்பல் நிறத்தில் என் கைக்குத் திரும்பி வரும். அந்தக் காலத்தில் என் பிழைப்பே அந்தத் தாள்தான். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு ஊரில், சத்துணவுக் கூடத்து மொட்டைமாடியில் காற்றிழுக்கும் பெட்டி ஒன்றை வைத்திருந்தோம். அருகிலிருந்த நெல் ஆலையின் உமிக்கரி வயலிலும் கிணற்றிலும் சோற்றுத் தட்டிலும் விழுந்துகொண்டிருந்தது. அந்தத் தூசியில் என்னென்ன உலோகம் துளித்துளியாக ஒளிந்திருக்கிறது, அதில் எவ்வளவு கரையும் என்பதுதான் என் ஆராய்ச்சி. இருப்பதெல்லாம் உடம்பில் சேர்ந்துவிடாது. கரைவதுதான் சுலபமாக உள்ளே போகும்.

தஞ்சாவூரில் எங்கள் ஆய்வக உதவியாளராக இருந்தவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அந்த ஊர்க்காரர், வாராவாரம் ஒரு நாள் பெட்டியை ஓட்டித் தாளை எடுத்துவருவது அவர்தான். அவருடைய அப்பா பண்ணையாளாக இருந்தவர். கூலிக்கும் நிலத்துக்கும் கொடி பிடித்து ஜெயிலுக்குப் போய், கடைசியில் ஒன்றரை ஏக்கருக்குப் பட்டா வாங்கி, அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்தவர். அண்ணன் கருப்புச் சட்டைக்காரர். என் நெற்றியைப் பார்த்து, இந்தத் திருநீறு எந்த ஆசிட்டில் கரையும் என்று கேலி செய்வார். எனக்கும் வாய் சும்மா இருக்காது, சரிக்குச் சரி பேசுவேன்.

அந்த ஐப்பசியில் வந்த தாள்களை அமிலத்தில் கரைத்துப் பார்த்தால் ஈயம் தலைசுற்றுகிற அளவுக்கு இருந்தது. பேராசிரியரிடம் காட்டவில்லை, மறுபடி சரிபார்க்கவில்லை, நேராகப் போய் அண்ணனிடம் சொல்லித் தொலைத்தேன். என் அவசரப் புத்தியை எதைக்கொண்டு அடிக்க! அவர் மனைவி அப்போது ஆறு மாதம். அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"வயித்துல இருக்கற புள்ளைக்கும் போகுமாம்மா?"

"போகும்ணே."

மறுநாளிலிருந்து லீவு. மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். ரொம்ப நாளாக நிலத்தைக் கேட்டுக்கொண்டிருந்த ஆலைக்காரருக்கே அதைக் கொடுத்துவிட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஊரைக் காலி செய்யப்போகிறாராம். வெள்ளிக்கிழமை பத்திரம். உங்கப்பன் ஜெயிலுக்குப் போனது இதுக்குத்தானாடா என்று கேட்டுவிட்டு அந்த அம்மா சாப்பிடாமல் கிடப்பதாகவும் கேள்விப்பட்டேன்.

இதற்குள் பேராசிரியர் என் நோட்டைப் புரட்டிவிட்டு முகம் சுளித்தார். அமிலத்தில் இவ்வளவு வருகிறது, தண்ணீரில் கொஞ்சம்கூட வரவில்லையே என்றார். வாரத்துக்கு வாரம் வேறு குறைகிறதே, ஆலை என்ன பாதி நேரம்தான் ஓடுகிறதா என்று கேட்டார். அண்ணன் இல்லாததால் தாள் மாற்ற நானே மாடி ஏறினேன். தாளை அழுத்திப் பிடிக்கும் விளிம்பைக் கழற்றியபோது திருகாணி மூலையில் சிவப்பாக ஏதோ அப்பியிருந்தது.

குங்குமம். ஆயுத பூஜைக்கு முன் பெட்டியைச் சுத்தம் செய்ய ஆய்வகத்துக்குக் கொண்டுவந்திருந்தோம். தராசு முதல் அடுப்பு வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த நான், திறந்து கிடந்த இதன் விளிம்பிலும் நாலு மூலைக்கு நாலு பொட்டு வைத்திருந்தேன். கோயில் வாசலில் வாங்கிய மலிவுக் குங்குமம். நிறத்துக்காக அதில் ஈயம் சேர்ந்த பொடி கலந்திருந்தது. டப்பாவில் மிச்சமிருந்ததைச் சோதித்தபோது தெரிந்தது. தண்ணீரில் கரையாத அந்தப் பொடிதான் விளிம்பிலிருந்து தாளில் உதிர்ந்து, வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டு வந்திருக்கிறது. இன்னொரு தடவை அவசரப்பட்டு வாயைவிடப் பயமாக இருந்தது. விளிம்பைக் கழுவி, மூன்று நாள் புதுத் தாள்களை ஓட்டி, கிணற்றுத் தண்ணீரையும் எடுத்துப் பார்த்தேன். தூசியில் ஈயம் எந்த ஊரிலும் இருக்கும் அளவுதான், கரைவது அதிலும் சொற்பம். தண்ணீரில் ஒன்றுமில்லை. அப்பாடா என்று நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன்.

வியாழக்கிழமை மத்தியானம் ஊருக்குப் போனபோது வாசலில் பாத்திர மூட்டைகள் கட்டிக் கிடந்தன. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"சாமி இல்லன்னு சொன்னவன ஊரவிட்டே தொரத்தப் பாத்துட்டீங்களேம்மா" என்றார். சிரிப்பும் அழுகையுமாக வந்தது குரல். பிறகு தலைப்பாகையை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார்.

கரி அதற்கப்புறமும் விழுந்தது. ஆலையில் தூசி பிடிக்கும் அமைப்பு வரும்வரை ஊரோடு சேர்ந்து மனுமேல் மனு போட்டோம். அந்த வயலில் இன்றைக்கும் அவர்கள் வீட்டு நெல்தான் விளைகிறது.

அந்த வியாழக்கிழமை அண்ணனுடைய அம்மா, எனக்குக் கலர் சோடா வாங்கிவரக் கடைக்கு ஆள் அனுப்பப் பார்த்தார். எங்கள் தெருவிலிருந்து வருகிறவர்கள் அங்கே தண்ணீர் குடிக்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அந்த ஊருக்குப் போனபோதெல்லாம் என் பையில் வீட்டுத் தண்ணீர் இருந்தது. ஆராய்ச்சிக்காரியின் ஜாக்கிரதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"கலர் வேணாம்மா. கெணத்துத் தண்ணி குடுங்க" என்றேன்.

அந்த அம்மா மகனைப் பார்த்தார். அண்ணன் எழுந்துபோய் வாளியை இறக்கினார். முதல் சொம்பை அந்த அம்மா குடித்தார், நான்கு நாள் பட்டினிக்குப் பிறகு. இரண்டாவதை என்னிடம் நீட்டினார்.