ராஜபாளையத்திலிருந்து ஓடி வந்த வெங்கடேஸ்வரி

ஸ்ரீவில்லிபுத்தூரில் போக்குவரத்துக் காவலராக இருக்கும் வெங்கடேஸ்வரிக்கு, எடையைக் குறைக்க மதுரையில் இரைப்பை அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கு முன்பு அவள் ஜீப்பில் ஏறவே யாராவது கைகொடுக்க வேண்டும். எடை இறங்கியதும் நடக்க ஆரம்பித்தாள். ஒரு விடியலில் தன்னை அறியாமலே ஓடினாள். அதற்குப் பிறகு அவளை வீட்டில் பிடித்து வைக்க முடியவில்லை. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை நடக்கவிருந்த ஓட்டப் பந்தயத்துக்கும் பெயர் கொடுத்துவிட்டாள்.

பந்தயத்துக்குச் சில மாதங்கள் இருக்கும்போது, வன்னியம்பட்டிப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தவளுக்குக் கால் துவண்டது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. சாலையோரம் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. கணவன் மாரீஸ்வரன் பைக்கில் வந்து ஏற்றிப்போனான்.

"எடைதான் கொறைஞ்சிருச்சுல்லா, பொறவு எதுக்குட்டி இந்த ஓட்டம்?"

"எடைக்காகவா ஓடுறேன்? ஓடுறப்ப எம்புட்டுச் சந்தோசமா இருக்கு தெரியுமா!"

ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்து அடிமட்டத்துக்குப் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் அவளுக்கு உணவு ஆலோசனை சொல்லும் ஜெமி கேட்டாள்: "மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களாக்கா?"

"உடம்புதான் நல்லாயிருச்சேன்னு விட்டுட்டேன்."

"சரியாப் போச்சு! வயிறு சின்னதாயிருச்சுக்கா. அம்புட்டுச் சத்தும் சாப்பாட்டுலயே வந்துராது. மாத்திரை ஆயுசுக்கும் வேணும். அதோட டீ குடிச்சிராதீங்க, சத்து ஒட்டாது. முட்டை, பயறுன்னு கொஞ்சங் கொஞ்சமாச் சாப்பிடுங்க. தினமும் ஓடவும் வேண்டாம்."

மருத்துவர் ஊசி வழியாக இரும்புச்சத்து ஏற்றினார். சில வாரம் ஓடாமல் இருந்ததுதான் அவளுக்குக் கொடுமை. பிறகு ஒருநாள் ஓட்டம், ஒருநாள் ஓய்வு. அடுத்த பரிசோதனை முடிவைப் பார்த்ததும் ஜெமி சிரித்துவிட்டாள். "பந்தயத்துக்குப் போங்கக்கா. ஆனா களைச்சா நடக்கணும், சரியா?"

பந்தயத்தன்று ராஜபாளையத்தில் கொட்டு முழங்கியதும் கூட்டம் பாய்ந்தது. அவளும் பாய்ந்தாள். பாதி வழியில் கால் கனத்தது. பயம் கவ்வியது. உடனே நடைக்கு மாறினாள். இரண்டு வாய் தண்ணீர், கொஞ்சம் அவித்த பயறு. பின்னால் வந்தவர்கள் தாண்டிப் போனார்கள். போகட்டும் என்று விட்டாள். செத்த நேரத்தில் கால் லேசானது. ஓடினாள்!

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் பக்கம் காத்திருந்த மாரீஸ்வரன், அவளைக் கண்டதும் செருப்பைக் கையில் பிடித்தபடி கூடவே ஓடினான்.

"விடாதட்டி! இந்தா வந்துட்ட!"

முன்னால் போனவர்களில் நாலைந்து பேரைத் தாண்டி முடிவுக் கோட்டைக் கடந்தாள். திரும்பிப் பார்த்தால், மாரீஸ்வரன் மூச்சு வாங்க ரோட்டிலேயே உட்கார்ந்திருந்தான். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"என்னங்க, இம்புட்டுக்கேவா? எந்திரிங்க. அடுத்த ஓட்டம் எங்கன்னு கேப்போம், ரெண்டு பேரும் பேரு குடுப்போம்!"